சவலைப் பிள்ளை



லயத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் லயமே கூடிவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்தோ தியத்தலாவையிலிருந்தோ தாய் ஓட்டோவில் வந்து இறங்கும்போதே பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஒருவர் சுடுதண்ணி வைப்பார், ஒருவர் சேலைத் தொட்டிலைக் கட்டுவார். "மூக்கு அப்படியே அப்பாயி மூக்குத்தான்" என்று ஒரு பேச்சு நடக்கும். துணியை விலக்கி எல்லோரும் கைப்பிள்ளையைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சின்ன ஆள் நிற்கும். மூக்கு ஒழுகும், கையில் பாதி ரொட்டி இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை. அதனால் வந்த வினையை இந்தப் பாடத்தில் முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன்பு, நமுனுகுல மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். பெண் குழந்தை பிறந்து பத்து நாள். நிறை நல்ல நிறை, பால் நன்றாகக் குடிக்கிறது, தொப்புள் காய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டோம். மூத்தவன் ஒரு பையன், அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. கடைசி நிறுவையில் 10 கிலோ. நாங்கள் வெளியே வரும்போது அவன் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தான். தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டோம். அவனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து அதே லயத்துக்கு வேறு வேலையாகப் போனபோது அவனுடைய அம்மாயி எங்களைக் கூப்பிட்டார். "ஐயா, இந்தப் பயலைக் கொஞ்சம் பாருங்க. அது பொறந்ததிலிருந்து இவன் சவலை பாஞ்சிட்டான். நான் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்குறாங்க" என்றார். பையன் சுருண்டு படுத்திருந்தான். தலைமயிர் செம்பட்டையாகி இருந்தது. கன்னம் உப்பியிருந்ததால் முதலில் பார்த்தபோது கொழுத்திருக்கிறான் என்றே நினைத்தோம். காலை அமுக்கிப் பார்த்தால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. நிறுத்துப் பார்த்தால் 9 கிலோ 200 கிராம். வீக்கத்தின் தண்ணீரோடு சேர்த்து அவ்வளவுதான்! அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மூன்று வாரம் இருந்து, பிழைத்து வந்தான். இன்னும் பத்து நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அந்த அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நோயின் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது, அது எப்போது வந்தது என்பதும் தெரிந்திருந்தது. "அது பொறந்ததிலிருந்து" என்றார் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது.

சவலை என்ற சொல்லை நம் பெரியவர்கள் எல்லோரும் அறிவார்கள். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததாலோ பிறந்ததாலோ தாய்ப்பால் கிடைக்காமல் போய் மெலிந்த பிள்ளைக்குச் சவலைப் பிள்ளை என்று பெயர். இப்போதைய இளம் தாய்மார் இந்தச் சொல்லைக் கேட்டால் சிரிக்கிறார்கள், பழைய காலத்துப் பேச்சு என்கிறார்கள். சிரிக்க வேண்டியதில்லை. உலகத்தின் பெரிய வைத்தியர்களும் இதையே ஒரு ஊர்க் கிழவிகளிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கதையைக் கேளுங்கள்.

ஆபிரிக்காவில் இப்போது கானா என்று சொல்லப்படும் நாடு அக்காலத்தில் வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கே 1929 ஆம் ஆண்டு சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் வேலைக்குப் போனார். ஒரு வயதுக்கும் நாலு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் கால் வீங்கி, தோல் உரிந்து, மயிர் நிறம் மாறி இறந்துகொண்டிருந்தார்கள். வேறு டாக்டர்கள் இதற்கு வேறு வேறு பெயர் சொன்னார்கள். இந்த அம்மா என்ன செய்தார் என்றால், அந்த ஊர்ப் பெண்களிடமே போய் இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டார். அவர்கள் தங்கள் கா மொழியில் "குவாஷியோர்கர்" என்றார்கள். அடுத்த பிள்ளை பிறந்ததும் இடத்தை இழந்த மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்கு அர்த்தம். 1935 ஆம் ஆண்டு அந்தச் சொல்லையே அவர் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். இன்றுவரை உலகம் முழுக்க டாக்டர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். நம்முடைய அம்மாயி சொன்ன சவலையும், கடல் கடந்து அந்தத் தாய்மார் சொன்ன வார்த்தையும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன.

அந்தப் பிள்ளைகள் பாலை மறந்த பிறகு வெறும் சோளக்கூழில் வளர்ந்தவர்கள். நம்முடைய பிள்ளைகள் கோதுமை மா ரொட்டியிலும் தேத்தண்ணியிலும் வளர்கிறார்கள். பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, நம்முடைய பக்கத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 2016 ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடிசன சுகாதார ஆய்வில், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டப்புறத்தை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 32 பேர். இதற்கு வருமானம், வீடு, தண்ணீர், தாயின் நிறை என்று பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரு பாடத்தில் தீர்க்க முடியாது. ஆனால் மூத்த பிள்ளை ஏன் நம் கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

முதல் வருஷத்தில் பிள்ளை மளமளவென்று நிறை போடும். மூன்று கிலோவில் பிறந்தால் ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்கு, வருஷம் முடியும்போது மூன்று மடங்கு. ஆனால் இரண்டாவது வருஷம் முழுவதற்குமே இரண்டு, இரண்டரைக் கிலோதான் ஏறும். ஆகவே ஏறாமல் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, இரண்டு வயது வரை மாதாமாதம் நிறுக்கப்படும் பிள்ளை, அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தரம்தான் தராசில் ஏறும். தம்பியோ தங்கச்சியோ வருவதும் பெரும்பாலும் அந்த நேரம்தான். தாய்க்குப் பச்சை உடம்பு. மூத்ததைக் கிளினிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. இப்படி இரண்டு நிறுவை தவறினால் ஆறு மாதம் போய்விடுகிறது. எங்கள் பையனுக்கு நடந்தது இதேதான்.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையின் வயிறு சின்ன வயிறு. காலையில் ஒரு ரொட்டியைக் கொடுத்தால் அது நிரம்பிவிடும், பிள்ளையும் அழாது. அழாத பிள்ளைக்குப் பசி இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ரொட்டி வயிற்றை அடைக்கும், சதையும் எலும்பும் வளர அது மட்டும் போதாது. சோற்றோடு பருப்பைக் கெட்டியாக வைத்துப் பிசைந்து, அதில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுக் கொடுங்கள். வாரத்தில் சில நாளாவது முட்டை. கோழி வளர்க்கும் வீடுகளில் முட்டையைக் கடைக்கு விற்றுவிட்டுப் பிள்ளைக்கு பிஸ்கட் வாங்குகிறார்கள், இது எந்தக் கணக்கு என்று எங்களுக்கு விளங்கவில்லை. நெத்தலிக் கருவாட்டை நன்றாகக் கழுவி, வறுத்து, இடித்துச் சோற்றில் தூவலாம். லயத்துக்குப் பின்னால் முருங்கையும் வல்லாரையும் பூசணியும் வரும், பப்பாசி வரும். ஒரு நாளைக்கு மூன்று வேளை போதாது, இடையில் இரண்டு தரமும் ஏதாவது கொடுக்கவேண்டும். பிள்ளைக்கென்று ஒரு தனித் தட்டு வையுங்கள். பெரியவர்கள் தட்டில் கை வைத்துச் சாப்பிடும் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

தேத்தண்ணியைப் பற்றி நாம் சொன்னால் கோபப்படாதீர்கள். அது நமக்குச் சோறு போடுகிற செடி. ஆனால் சோற்றோடு சேர்த்துச் சின்னப் பிள்ளைக்குச் சாயம் கொடுத்தால், சோற்றில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் அது தடுத்துவிடும். இரத்தம் குறைந்த பிள்ளைக்குச் சாப்பிடவே மனம் வராது. சுடவைத்து ஆறவைத்த தண்ணீரைக் கொடுங்கள்.

திரிபோஷ 1973 ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் கொடுக்கப்படுகிறது. சோளம், சோயா, பால்மா கலந்தது. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் உரியது. வந்த அன்றைக்கே உருண்டை பிடித்து வீடு முழுக்கப் பங்கு வைத்தால் யாருக்கும் பயன் இல்லை. தகப்பனுக்கு அது தேவையும் இல்லை!

பால் நிறுத்துவது பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வயிற்றில் இன்னொன்று வந்துவிட்டால் மூத்ததுக்குக் கொடுக்கும் பால் விஷமாகிவிடும் என்பார்கள். வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் மறக்கடிப்பார்கள். பால் விஷமாவதில்லை. சுரப்பு குறையலாம், அவ்வளவுதான். பெரும்பாலான தாய்மார் தொடர்ந்து கொடுக்கலாம். முன்பு கருச்சிதைவோ குறைமாதப் பிரசவமோ ஏற்பட்டவர்கள், இரத்தப்போக்கு உள்ளவர்கள் மருத்துவமாதுவிடம் கேட்டுச் செய்யவேண்டும். புதிது பிறந்ததும் முதலில் அதற்கே கொடுக்கவேண்டும், சீம்பால் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. மீதி மூத்ததுக்கு. நிறுத்துவதாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக, வேறு சாப்பாட்டைக் கூட்டிக்கொண்டே நிறுத்துங்கள். பாலுக்குப் பதில் டின்பாலைக் கரைத்துப் போத்தலில் கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். முன்னே சொன்ன அதே டாக்டரம்மா 1939 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார். பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு "பாலும் கொலையும்".

உடம்பைப் பார்த்தோம். மனதையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் மனம் வாடின பிள்ளை சாப்பிடாது.

நேற்றுவரை அம்மாவின் பக்கத்தில் படுத்த பிள்ளையை இன்றைக்குத் தள்ளிப் படுக்கவைக்கிறோம். பக்கத்துத் தோட்டத்து அம்மாயி வீட்டுக்கு ஒரு மாதம் அனுப்பிவிடுகிறோம். திரும்பி வரும்போது தன் இடத்தில் இன்னொன்று படுத்திருக்கிறது. இது போதாதென்று வருகிறவர் போகிறவர் எல்லாம், "இனி உனக்கு அம்மா இல்லடா, உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்குனோம்" என்று சீண்டுவார்கள். பெரியவர்களுக்கு அது விளையாட்டு. இரண்டு வயதுக்கு அது விளையாட்டு என்று தெரியாது. தயவுசெய்து இந்தப் பேச்சை விடுங்கள். நாங்களும் சின்ன வயதில் இதைக் கேட்டு இராத்திரி அழுதவர்கள்தான்.

அதன் பிறகு அந்தப் பிள்ளை திரும்பவும் படுக்கையில் மூத்திரம் போகும், விரல் சூப்பும், தொட்டிலில் ஏறிப் படுப்பேன் என்று அடம்பிடிக்கும், யாரும் பார்க்காத நேரம் கைப்பிள்ளையைக் கிள்ளும். கிள்ளினால் கையை மெதுவாக எடுத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லுங்கள். அடித்தால் அதன் கோபம் அந்தக் கைப்பிள்ளை மேல்தான் திரும்பும். சின்ன வேலை கொடுங்கள், துணி எடுத்துத் தரச் சொல்லுங்கள், தொட்டிலை உங்கள் முன்னால் ஆட்டச் சொல்லுங்கள். ஆனால் இரண்டையும் தனியாக விட்டுவிட்டு வெளியே போகக்கூடாது. தாய் பால் கொடுக்கும்போது மூத்ததை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு பேசலாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷமாவது கைப்பிள்ளையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு மூத்ததைத் தாயே மடியில் வைத்து ஊட்டட்டும். எங்கள் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, அந்தத் தாய் தினமும் பொழுது சாய்ந்ததும் இதைத்தான் செய்தார். மருந்தில் பாதி அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

இங்கே தகப்பன்மாரை ஒரு வார்த்தை கேட்கிறோம். மலையிலிருந்து வந்ததும் மூத்ததைத் தோளில் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போய்க் குளிப்பாட்டிக் கொண்டுவர என்ன செலவாகும்? சம்பள நாளில் சாராயக் கடைக்குப் போகும் காசில் எத்தனை முட்டை வரும் என்று கணக்கப்பிள்ளை இல்லாமலே கணக்குப் போடலாம்.

மூத்தது பெண்ணாக, எட்டு ஒன்பது வயதாக இருக்கும் வீட்டில் வேறு ஒரு சங்கடம் இருக்கிறது. அங்கே அது சவலை பாயாது, பள்ளிக்கூடம்தான் நின்றுவிடும். தாய் வேலைக்குத் திரும்பும்போது "நீ ஒரு மாசம் வீட்டுல இரு, தம்பியைப் பாத்துக்க" என்பார்கள். ஒரு மாதம் மூன்று மாதமாகும். அதற்குள் வகுப்பில் பாடம் எங்கேயோ போயிருக்கும், பிள்ளைக்குப் போகவே கூச்சமாகிவிடும். இந்த நாட்டில் 5 வயதிலிருந்து 16 வயது வரை பள்ளிக்கூடம் போவது கட்டாயம் என்று 2016 ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்பில் சோறும் பார்க்கும் வீட்டில் நெருப்பு, கொதிதண்ணி, கால் தவறுதல் எல்லாம் காத்திருக்கின்றன.

அப்படியானால் யார் பார்ப்பது? பிள்ளை மடுவம் இருக்கிறது. இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு போட்டிருந்தாலும் நமக்கு அது பிள்ளை மடுவம்தான். கைப்பிள்ளையோடு இரண்டு வயதையும் அங்கேயே விடலாம், இரண்டும் ஒன்றாக இருக்கும். சில தாய்மார் மடுவத்தை நம்புவதில்லை. ஆயம்மாவிடம் குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம். சொல்லாமல் மகளை வீட்டில் நிறுத்தவேண்டாம்.

தாயின் உரிமையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பிரசவச் சகாயச் சட்டப்படி 84 நாள் லீவு. முன்பு மூன்றாவது பிள்ளை என்றால் 42 நாள்தான் என்று இருந்தது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். வேலைக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைக்கு ஒரு வயது முடியும்வரை வேலை நேரத்துக்குள் இரண்டு தரம் பால் கொடுக்கப் போகலாம். பிள்ளை மடுவம் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு தரமும் அரைமணி, இல்லாத இடத்தில் ஒவ்வொரு தரமும் ஒரு மணி. இது சாப்பாட்டு நேரத்தில் கழிக்கப்படுவதில்லை, வேலை நேரமாகவே கணக்கு. மலை தூரமாக இருந்தால் அருகிலுள்ள மலையில் பேர் போடும்படி கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் கேளுங்கள். காலையில் சுத்தமான மூடி போட்ட கோப்பையில் பால் பீய்ச்சி வைத்தால் நாலு மணி நேரம் கெடாது, நம் குளிருக்கு இன்னும் நல்லது. ஆயம்மா கரண்டியால் புகட்டலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும், தண்ணீரும்கூட வேண்டாம்.

அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு இடைவெளி என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பிள்ளை பிறந்து இரண்டு வருஷமாவது போன பிறகுதான் அடுத்தது வயிற்றில் வரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்து மாதத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று வருஷம். அதற்குள் மூத்தது தன் கையால் சாப்பிடும், நடக்கும், பேசும், பசிக்கிறது என்று கேட்கும். குடும்பத் திட்டம் என்றாலே ஆபரேஷன் என்று பயப்படுகிறார்கள், அந்தப் பயத்துக்குப் பழைய காரணங்கள் இருப்பதும் எங்களுக்குத் தெரியும். ஊசி இருக்கிறது, லூப் இருக்கிறது, கையில் வைக்கும் குச்சி இருக்கிறது. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், நிறுத்திவிடலாம். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து மருத்துவமாதுவிடம் போய்க் கேளுங்கள். வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லை, எங்களுக்கும் இல்லை.

அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். தங்கச்சியின் பையையும் இவனே தூக்கிக்கொண்டு போவதை ஒரு நாள் பசறை ரோட்டில் பார்த்தோம். அம்மாயி இன்னும் இருக்கிறார். புதிதாகப் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் நாங்கள் இப்போது முதலில் மூத்ததைத்தான் கூப்பிடுகிறோம். காலை அமுக்கிப் பார்க்கிறோம், கார்டைக் கேட்கிறோம்.

நீங்களும் இன்று இராத்திரி உங்கள் வீட்டு மூத்ததின் பாதத்தின் மேல்புறத்தைப் பெருவிரலால் அமுக்கி, மெதுவாகப் பத்து வரை எண்ணிப் பாருங்கள். இரண்டு காலிலும் செய்யவேண்டும். விரலை எடுத்த பிறகும் பள்ளம் நின்றால் காலையில் பிரட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பள்ளம் இல்லை, ஆனால் பிள்ளை மெலிந்திருக்கிறது, விளையாடாமல் மூலையில் உட்காருகிறது என்றால் தோட்ட டிஸ்பென்சரிக்கு வாருங்கள். அடுத்த நிறுவைக்கு வரும்போது கைப்பிள்ளையின் கார்டோடு மூத்ததின் கார்டையும் மறக்காமல் எடுத்து வரவும். தொலைந்துபோயிருந்தால் வெட்கப்படவேண்டாம், மருத்துவமாதுவிடம் சொன்னால் புதிது எழுதித் தருவார்.